உப்பு வந்த கடலில்

தண்ணீருக்கு அடியுண்டு என்பது திருப்பூரில் வளர்ந்த எங்களுக்குச் செவிவழிச் செய்தியாகவே இருந்தது. நொய்யலின் தரையை நாங்கள் கண்டதில்லை. காலையில் நீலமாகவும் பிற்பகலில் சிவப்பாகவும் ஓடும் ஆற்றைப் பாலத்தின்மேல் நின்று நோக்கி, இன்று எந்த நிறத்துக்கு ஆர்டர் என்று பந்தயம் கட்டி விளையாடிய பிள்ளைகள் நாங்கள். எங்கள் தந்தையாரும் ஆற்றோரத்தில் சிறியதொரு சாயப்பட்டறை நடத்தியவர்தாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் முறை.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் அண்ணன் தம்பியர் இருவரும் தந்தையாரை அழைத்துக்கொண்டு மண்டபம் சென்றோம். பவளப்பாறையை நேரில் காண வேண்டும் என்பது நெடுநாளைய ஆவல். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை பரந்துள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. நினைத்தவர் நினைத்தபடி அங்கே இறங்கவியலாது. ஆகவே, அப்பகுதி மீனவர்கள் வடகடல் என்று வழங்கும் பாக் நீரிணைப் பக்கம், மீனவர் ஒருவர் துணையுடன் இறங்கினோம்.

கடலில் மூழ்குதலைத் தமிழர் 'குளித்தல்' என்றனர். முத்துக் குளித்தனர், சங்கு குளித்தனர். கொற்கை முத்தைச் சங்கப் புலவர் பாடினர். கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் வழிவழியாக இத்தொழிலில் சிறந்தனர். கல்லைக் கட்டிக் கயிற்றைப் பிடித்து, அடக்கிய ஒரே மூச்சில் அடிசென்று மீண்டவர்கள் அவர்கள். காற்றுக்கலத்தை முதுகில் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறை பரவியதோ 1943இல் பிரான்சு நாட்டின் கூஸ்தோவும் காஞானும் கருவி அமைத்த பின்னரே. நாங்கள் அவ்வளவு துணிந்தவர்கள் அல்லர். கண்களை மூடும் கண்ணாடியும் வாயில் கவ்வும் வளைந்த மூச்சுக்குழலும் அணிந்து, மேல்நீரில் கவிழ்ந்து மிதந்தோம். உப்புநீரை இருமுறை விழுங்கினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பின்னர் அடி தெரிந்தது! இரண்டாள் ஆழத்தில் மணலின் வரிகள்கூடத் தெரிந்தன. மான்கொம்பெனக் கிளைத்தன சில பவளங்கள். மூளையென மடிந்து கிடந்தன சில. கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிக்கும் ஓசை காதில் தெளிவாக விழுந்தது. பாறையெனத் தோன்றும் அது சிற்றுயிர்களின் குடியிருப்பு. பவள உயிரின் உடலுள் வாழும் பாசியே வெயிலைக் கொண்டு அதற்கு உணவு சமைக்கிறது. நீர் கலங்கினால் வெயில் இறங்காது; பவளம் பட்டினி கிடக்கும். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் அப்பாசி நீங்கிப் பவளம் வெளிறும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அவ்வாறு வெளிறியது. நாங்கள் கண்டவற்றுள்ளும் இறந்து பாசி மூடியவை பல.

மிதந்தபடியே எங்களுக்கு உப்பு மூட்டைகள் நினைவில் வந்தன. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ; அடர்நிறமாயின் அதற்கு மேலும். எங்கள் பட்டறைக்கு அது தூத்துக்குடியிலிருந்து, மன்னார் வளைகுடாவின் உப்பளங்களிலிருந்து, லாரி லாரியாக வந்தது. துணியில் தங்குவது சாயம். உப்பு முழுவதும் கழிவுநீரோடு நொய்யலுக்குப் போயிற்று. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவே தேங்கியது. அணை எவருக்காகக் கட்டப்பட்டதோ அந்த உழவர்களே அதன் நீர் வேண்டாம் என்றனர். கீழ்ப்பகுதியில் நிலம் வைத்திருந்த எங்கள் தாய்மாமனின் தென்னைகள் கருகின. அவர் எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்திக்கொண்டார். 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவைத் துளியும் வெளிவிடாமல் சுத்திகரித்து, உப்பையும் மீட்கும் ஏற்பாடு செய்தவர்கள் மீண்டும் திறந்தனர். தந்தையார் திறக்கவில்லை. மாமன் அதன் பின்னரும் வரவில்லை.

கரையேறியபோது, கடற்பாசி எடுத்துத் திரும்பிய பெண்கள் சிலர் மணலில் அமர்ந்திருந்தனர். பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தனர். அந்தப் பின்னல் எங்களுக்குத் தெரியாததா?

"அக்கா, இந்தத் துணி எங்கே வாங்கியது?"

"போட்டு எஞ்சின் துடைக்க வாங்குற பனியன் வேஸ்ட்டு தம்பி. திருப்பூர்லயிருந்து வருதாம்" என்றார் மூத்தவர்.

தந்தையார் அவரிடம் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினார். ஈரத்தோடு இரு விரல்களுக்கிடையே தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"நேவி புளூ. சாயம் இறங்கல" என்றார். குரலில் பழைய பெருமை ஒரு கணம் எழுந்து அடங்கியது. பிறகு எங்களிடம் திரும்பி, "அடி தெரியுதா?" என்று கேட்டார்.

தெரிகிறது என்றோம். கண்ணாடியையும் குழலையும் கேட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. வயதும் எழுபதைக் கடந்துவிட்டது. இருபுறமும் நின்று தாங்கி, இடுப்பளவு நீருக்கு அழைத்துச் சென்றோம். மெல்லக் குனிந்து முகத்தை நீரில் வைத்தார். நெடுநேரம் நிமிரவில்லை. அஞ்சித் தோளைத் தொட்டோம். எங்கள் கையை விலக்கினார்.