ஒற்றைச் சக்கரம் சுற்றும்போது

எங்கள் தாடிக்கொம்புப் பக்கம் மழை பெய்த மறுநாள் வயலில் இறங்கும் டிராக்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், டிஃபரென்ஷியல் பாடம் பாதி முடிந்துவிடும். ஒரு பின்சக்கரம் சேற்றில் புதைந்து வெறுமனே சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் மற்ற சக்கரம் அசையாது. ஓட்டுகிறவர் குதிகாலால் ஒரு சின்னப் பெடலை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும், வண்டி மேலே ஏறிவிடும். காலை எடுத்தால் லாக் விட்டுவிடும். லாக் போட்டபடி வண்டியைத் திருப்பக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். பந்தயக் காருக்குப் பணத்தைக் கொட்டி வாங்கும் எல்.எஸ்.டி.யின் (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்) வேலையும் இதுதான். அங்கே குதிகாலுக்குப் பதில் பல்சக்கரமோ பிளேட்டோ அந்த முடிவை எடுக்கிறது.

*

திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அரை வட்டம் திரும்பினால், வளைவு பெரியதோ சிறியதோ, கூடுதல் தூரம் ஒன்றேதான்: இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலத்தை 3.14-ஆல் பெருக்கினால் வருவது. 1.4 மீட்டர் அகலமுள்ள காருக்குச் சுமார் 4.4 மீட்டர். சிறுமலை ஏற 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் முழு அரை வட்டம் என்று வைத்துக்கொண்டால், இடமும் வலமுமாகச் சேர்த்து ஏறக்குறைய 79 மீட்டர் வித்தியாசத்தை டிஃபரென்ஷியல் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. அது இல்லாவிட்டால் அந்த 79 மீட்டரும் டயர் ரப்பராகச் சாலையில் தேயும், அல்லது ஆக்சிலை முறுக்கும்.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அச்சில் ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. இழுப்பது மாடு, அச்சு அல்ல. அச்சையே எஞ்சின் சுழற்ற ஆரம்பித்ததும்தான் வம்பு. 1828-இல் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக டிஃபரென்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே.

*

ஓப்பன் டிஃப், அதாவது பூட்டு எதுவும் இல்லாத சாதாரண டிஃபரென்ஷியல் பற்றிப் பலர் தப்பாகச் சொல்வது: "முறுக்கு எல்லாம் சுத்துற வீலுக்குப் போயிடுது." போவதில்லை. ஓப்பன் டிஃப் இரண்டு பக்கமும் முறுக்குவிசையைச் சமமாகத்தான் பிரிக்கிறது. தொல்லையே அந்தச் சமத்துவத்தில்தான் இருக்கிறது. சேற்றிலுள்ள சக்கரம் 300 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், 900 தாங்கக்கூடிய மறுபக்கத்துக்கும் 300தான். மொத்தம் 600. பலவீனமான சக்கரமே எல்லையைப் போடுகிறது. இனி வரும் வகைகளுக்கும் இந்த 300, 900 கணக்கை நினைவில் வையுங்கள்.

*

பிளேட் வகை. பந்தய உலகின் பழைய ஆள். 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் எஞ்சின் சக்திக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட ஒரு பின்சக்கரம் வெறுமனே சுற்றியது. அதை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்.எஃப். நிறுவனத்திடம் போய் இதற்கு ஒரு வழி கேட்டார். அதிலிருந்து கிளம்பிய வம்சம்தான் எல்.எஸ்.டி. இசட்.எஃப். அப்போது செய்தது வேறு அமைப்பு. இன்று பந்தயக்காரர்கள் பேசுவது பிளேட்டுகளை அடுக்கிய வகை.

கிரவுன் வீலுக்குள் இருக்கும் கூட்டில் கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கியிருப்பார்கள். எஞ்சின் தள்ளும்போது, ஸ்டார் பினியனின் (டிஃபரென்ஷியலுக்குள் சுற்றும் சிறு பல்சக்கரம்) குறுக்குத்தண்டு சாய்வான பள்ளத்தில் ஏறி இரண்டு வளையங்களை விலக்கும். அவை பிளேட்டுகளை நசுக்கும். எவ்வளவு முறுக்கு வருகிறதோ அவ்வளவு இறுக்கம். இதற்கு மேல், முறுக்கே இல்லாதபோதும் கொஞ்சம் இறுக்கம் இருக்கட்டும் என்று ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருப்பார்கள். அதைப் பிரீலோட் என்கிறார்கள். ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டாலும் மற்றதற்கு ஏதாவது போய்ச்சேர்வது இந்தப் பிரீலோடால்தான்.

அந்தச் சாய்வின் கோணத்தை மாற்றினால் வண்டியின் குணமே மாறும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் இறுகினால் ஒன்-வே. காலை எடுத்தாலும் அதே அளவு இறுகினால் டூ-வே. காலை எடுக்கும்போது அதைவிடக் குறைவாக இறுகினால் ஒன்றரை-வே. டூ-வே போட்ட பின்சக்கர இழுவைக் கார் பிரேக் பிடிக்கும்போது வால் ஆடாமல் நிற்கும். பந்தயக்காரருக்கு அது வரம். அதே காரைக் கொண்டை ஊசி வளைவில் விட்டால் மூக்கு நேராகப் போகப் பார்க்கும்.

பிளேட் தேயும். குறிப்பிட்ட இடைவெளியில் கழற்றிப் பிளேட் மாற்ற வேண்டும். இதற்கென்றே ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த எண்ணெய் ஊற்ற வேண்டும். சாதாரண ஹவுசிங் ஆயில் ஊற்றினால் பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது கடகடவென்று அடிக்கும். விவரம் தெரியாத பட்டறையில் "கிரவுன் போச்சு" என்று இறக்கச் சொல்லிவிடுவார்கள்.

*

ஹெலிகல் வகை. டோர்சன், குவைஃப் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோர்சனின் மூலக் காப்புரிமை அமெரிக்காவின் வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் வாங்கியது. இதில் பிளேட் கிடையாது. சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது எழும் உராய்வே பூட்டு. பிடிப்புள்ள சக்கரத்துக்கு, பிடிப்பில்லாத சக்கரத்தைப்போல் இத்தனை மடங்கு தருவேன் என்று ஒரு விகிதம் வைத்திருக்கும். இரண்டரை மடங்கு என்று வையுங்கள். நம் கணக்கில் 300 ஒரு பக்கம், 750 மறுபக்கம், ஆக 1,050. ஓப்பனில் வந்தது 600தான்.

தேய்மானம் மிகக் குறைவு, சத்தம் இல்லை, தனி எண்ணெய்ப் பைத்தியம் இல்லை. ஸ்டியரிங்கைப் பெரிதாகப் பிடித்து இழுக்காது என்பதால் முன்சக்கர இழுவைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஸ்விஃப்ட், ஐ20, போலோ என்று நம் சாலையில் ஓடுவதில் பெரும்பாதி அந்த இனம்தானே.

ஒரே ஒரு ஓட்டை உண்டு. பூஜ்ஜியத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். சக்கரம் முழுக்கக் காற்றில் தூக்கிவிட்டால், பிரீலோட் இல்லாத ஹெலிகல் ஓப்பன் டிஃப் மாதிரியே கைவிரிக்கும். தெரிந்தவர்கள் அப்போது ஆக்சிலரேட்டர் மிதித்தபடியே பிரேக்கை லேசாகத் தொடுவார்கள். காற்றிலுள்ள சக்கரத்துக்கு 100 அளவு எதிர்ப்பு வந்தால் தரையிலுள்ளதற்கு 250 போகும். அதில் 100 அந்தப் பக்கத்துப் பிரேக்குக்கே போனாலும் 150 மிஞ்சும். மேடு ஏற அதுவே போதுமானதாக இருக்கலாம்.

*

விஸ்கஸ்: சிலிகோன் எண்ணெய்க்குள் துளையிட்ட தட்டுகள். சக்கரங்களின் வேகம் வேறுபட்டால் எண்ணெய் இழுத்துப் பிடிக்கும். சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்த பிறகுதான் விழிக்கும். சூடானால் குணம் மாறும். மாஸ்டா எம்.எக்ஸ்-5 முதலில் இதை வைத்திருந்து 1994-இல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது டோர்சனுக்கு மாறியது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

*

மாருதியின் ஜிம்னி 2023-இல் இந்தியாவில் வந்தபோது "பிரேக் எல்.எஸ்.டி." என்றார்கள். உள்ளே ஓப்பன் டிஃப்தான். சுற்றுகிற சக்கரத்தைக் கம்ப்யூட்டர் தனியாகப் பிரேக் பிடிக்கும். அங்கே 300 அளவு பிரேக் பிடித்தால் மறுபக்கத்துக்கும் 300 கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எஞ்சின் கூடுதலாகத் தந்ததில் பாதியாவது பிரேக்கில் சூடாகப் போய்விடும். சேற்றில் இரண்டு நிமிடம் சிக்கினால் அருமையான ஏற்பாடு. பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று இதை நம்பினால் பிரேக் வெந்துவிடும்.

இதுவும் நம் ஊருக்குப் புதிதில்லை. டிராக்டரில் இடப் பின்சக்கரத்துக்கு ஒன்று, வலப் பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல். சுற்றுகிற பக்கத்தை மட்டும் மிதித்து மறுபக்கத்தால் வண்டியை நகர்த்தும் வித்தை உழவு ஓட்டும் எல்லோருக்கும் கைவந்தது. ஜிம்னியின் கம்ப்யூட்டர் அதை இன்னும் வேகமாகச் செய்கிறது, அவ்வளவே.

*

இந்தப் பக்கத்துச் சாலைக்கும் வண்டிப் பாதைக்கும் நான் மிகவும் மதிப்பது மஹிந்திராவின் மெக்கானிக்கல் லாக். செய்வது ஈட்டன் நிறுவனம். 2015-இல் தார் வண்டியின் பின்னச்சில் வந்தது. 2021-இல் பொலிரோ நியோவின் உயர் வகைக்கும் கொடுத்தார்கள். அது ஃபோர்-வீல் டிரைவ் இல்லை, வெறும் பின்சக்கர இழுவை. அதில் இந்த லாக் இருப்பதுதான் விசேஷம். பட்டன் இல்லை, நெம்புகோல் இல்லை. இரு சக்கர வேகத்துக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று வித்தியாசம் வந்தால், உள்ளே ஒரு சிறு எடை வெளியே வீசி, கொக்கி மாட்டி, பிளேட்டுகளை இறுக்கி முழுக்கப் பூட்டிவிடும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவைத் தாண்டினால் மாட்டாது. அதாவது நெடுஞ்சாலையில் அது வெறும் ஓப்பன் டிஃப். குடகனாற்று மணலில் இறங்கினால் டிராக்டர்.

ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டுக்கும் தனித்தனி லாக் உண்டு. ஓட்டுகிறவரே போட்டுக்கொள்ள வேண்டும். காட்டுப்பாதைக்காரர்களுக்குச் சொர்க்கம். தார்ச்சாலையில் போட்டு மறந்துவிட்டால் நரகம்.

*

பந்தயத் தடம் வேறு உலகம். சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் தடம் திறந்த பின் அங்கே போயின. கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. இரண்டிலும் தடத்தின் ஓரக் கர்ப் மேல் ஏறி உட்பக்கச் சக்கரத்தைத் தூக்கி வளைவை அறுப்பதுதான் வேகம். அப்படித் தூக்கும் கணத்தில் ஹெலிகல் கைவிடும், பிளேட் நிற்கும். தடத்தில் பிளேட் ஆள்வதற்குக் காரணம் அதுவே. அதோடு, கோணத்தையும் பிரீலோடையும் தடத்துக்குத் தடம் மாற்றிக்கொள்ளலாம். போர்ஷே 911 ஜிடி3 கப் போன்ற, தொழிற்சாலையிலிருந்தே பந்தயத்துக்கென வரும் கார்களிலும் மெக்கானிக்கல் எல்.எஸ்.டி.தான். ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலுள்ள திருகியால் வளைவின் நுழைவு, நடு, வெளியேற்றம் என்று தனித்தனியாக இறுக்கத்தை மாற்றுவார்.

ராலி இன்னும் சுவாரசியம். சென்னையின் எம்.ஆர்.எஃப். அணிக்காகக் கௌரவ் கில் 2016, 2017 ஆசிய பசிபிக் பட்டங்களை வென்ற ஸ்கோடா ஃபேபியா ஆர்5 காரில் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று என மெக்கானிக்கல் எல்.எஸ்.டி. நடுவில் டிஃபரென்ஷியலே கிடையாது. செம்மண் பாதையில் எல்லாச் சக்கரமும் எப்படியும் வழுக்குவதால் நடு டிஃப் இல்லாதது பெரிதாக உறுத்தாது. எல்லாம் சேர்ந்து வழுக்கினால் எவ்வளவு வழுக்கும் என்று ஓட்டுநரால் கணிக்க முடியும். ஒன்று மட்டும் வழுக்கினால் முடியாது.

கோ-கார்ட்டில் டிஃபரென்ஷியலே இல்லை. பின்னச்சு ஒற்றைக் கம்பி. ஸ்டியரிங் திருப்பியதும் சேசிஸ் முறுக்கி உட்பக்கப் பின்சக்கரம் சற்றே மேலே எழும்பும்படி அமைத்திருப்பார்கள். எழும்பாத கார்ட் திரும்பாது. சிறு வயதில் கார்ட் ஓட்டிப் பழகியவர்கள் பின்னாளில் எடை மாற்றத்தை அவ்வளவு நுட்பமாக உணர்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டிரிஃப்ட் பையன்கள் எப்போதும் பூட்டியே இருக்கட்டும் என்று ஸ்டார் பினியனையே வெல்டு வைத்துவிடுகிறார்கள். மூடிய மைதானத்தில் செய்யுங்கள். அந்த வண்டியை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஓட்டாதீர்கள்.

*

கொடைக்கானல் சாலை என்றதும் ஒன்று. ஐப்பசி மழையில், நனைந்த இலை கிடக்கும் வளைவில், பின்சக்கர இழுவைக் காரில் இறுக்கமான பிளேட் எல்.எஸ்.டி. ஓப்பனைவிட ஆபத்தானது. ஓப்பன் டிஃபில் ஆக்சிலரேட்டர் கூடிப்போனால் உட்சக்கரம் மட்டும் சுற்றும். வெளிச்சக்கரம் பக்கவாட்டுப் பிடியை விடாது. இறுக்கிய எல்.எஸ்.டி.யில் இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றும். இரண்டும் சுற்றினால் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை, வால் வெளியே போகும். பந்தயக்காரருக்கு அது பழக்கம். குடும்பத்தோடு போகிறவருக்கு அங்கே பள்ளத்தாக்கு.

ஆகவே என் தீர்ப்பு. சாலையில் ஓட்டும் முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சினைப் பெரிதாக முடுக்கியிருந்தால் ஹெலிகல், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம். 2020-இல் இந்தியாவுக்கு 200 மட்டும் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ். 245-இல் எலக்ட்ரானிக் எல்.எஸ்.டி. இருந்தது. அவ்வளவு சக்திக்கு அது நியாயம். தோட்டத்துக்கும் சாலைக்கும் ஒரே வண்டி என்றால் ஈட்டன் லாக். வாரக் கடைசியில் தடத்துக்குப் போய், மறுபடி பிரித்துப் பூட்டப் பணமும் பொறுமையும் உள்ளவருக்கு மட்டும் பிளேட். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப்புக்கு ஓப்பனே போதும். பின்னால் லோடு இருக்கும்வரை பிடிப்பும் இருக்கும்.

எதுவானாலும் முதலில் டயர். மொட்டை டயரோடு எல்.எஸ்.டி. போடுவது வீண்செலவு. பின்னால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் ரீட்ரெட் என்று மாட்டினால் சுற்றளவு மாறும். நேர்ச்சாலையிலேயே எல்.எஸ்.டி. ஓயாமல் உரசித் தேயும். நம் ஊரில் இந்தக் கலப்பு சர்வசாதாரணம்.

*

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: பின்னச்சு இழுவை என்றால் இரண்டு பின்சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓப்பன், அல்லது தேய்ந்த எல்.எஸ்.டி. அதே பக்கம் சுற்றினால் பிளேட் உயிரோடு இருக்கிறது. ஈட்டன் லாக்கும் பிரீலோட் இல்லாத ஹெலிகல்லும் இந்தச் சோதனையில் ஓப்பன் மாதிரியே நடிக்கும், ஏமாறாதீர்கள்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு, கியரில் வைத்து எஞ்சினை ஓட்டிச் சத்தம் பார்க்கும் பழக்கம் ஓப்பன் டிஃப் காலத்தது. எல்.எஸ்.டி.யோ லாக்கோ உள்ள வண்டியில் அதைச் செய்தால் தரையிலுள்ள சக்கரம் பிடித்துக்கொண்டு வண்டி ஜாக்கியிலிருந்து பாயும். கியர் போடும் முன் இழுவைச் சக்கரம் இரண்டையும் தூக்குங்கள்.