எக்ஸ்ப்ளோரரின் பின் அச்சு

மிச்சிகனில் குடியிருந்துகொண்டு பழைய கார் மேல் ஆசை வராமல் இருப்பது கஷ்டம். என் கராஜில் இருப்பது 1967 மஸ்டாங். பழைய இன்ஜினை எடுத்துவிட்டு 302 வி8 போட்டாயிற்று. அடுத்தது டர்போ, இலக்கு 500 குதிரைத்திறன். இன்ஜினைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். அந்த சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் பின் டிஃபரன்ஷியலை யாரும் கண்டுகொள்வதில்லை. நம்மூர் லாரிப் பட்டறையில் 'கிரவுன் பினியன்' என்பார்களே, அதேதான். வண்டியோடு வந்த 8 அங்குல அச்சு, 200 குதிரைகளுக்குப் போட்டது. மீதி 300-ஐ அது தாங்காது.

ஃபோர்டின் 9 அங்குல அச்சுதான் பலசாலி என்று பெயரெடுத்தது. ஆனால் விலை அதிகம், உராய்வில் கொஞ்சம் சக்தியையும் தின்னும். பட்ஜெட் ஆட்கள் தேடிப்போவது 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சை. தண்டு நுனியில் 31 பற்கள். அதே 8.8 பழைய மஸ்டாங் ஜிடியில் வந்தபோது 28 பற்கள்தான். பல் கூடினால் தண்டும் தடிமன். டிஸ்க் பிரேக் கூடவே வருகிறது. சக்கர போல்ட் வட்டமும் என் வண்டிக்கு உள்ளதேதான், 114.3 மி.மீ.

நாமே கழற்றி எடுக்கும் ஸ்கிராப் யார்டுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். கதவோரம் ஒட்டியிருக்கும் லேபிளில் அச்சுக் குறியீடு 'டி4' என்றிருந்தால் 3.73 விகிதம், லிமிடெட் ஸ்லிப். டிஃபரன்ஷியல் மூடியில் தொங்கும் தகட்டில் '3எல்73' என்றிருக்கும். தகட்டை மட்டும் நம்பக்கூடாது, நடுவில் யாராவது கியரை மாற்றியிருக்கலாம். சக்கரங்கள் ஒரு சுற்று சுற்றும்போது டிரைவ் ஷாஃப்ட் கிட்டத்தட்ட மூணேமுக்கால் சுற்று சுற்ற வேண்டும். ஒரு சக்கரத்தைத் திருப்பினால் மற்றதும் அதே பக்கம் திரும்ப வேண்டும்; எதிர்ப்பக்கம் திரும்பினால் சாதா டிஃபரன்ஷியல்.

முதல் வண்டியில் வெளித்தோற்றம் பளபள. மூடியைத் திறந்தால் எண்ணெயில் விரலைக் குத்தும் இரும்புத் துணுக்குகள். என் தொழில் பாஷையில், எண்ணெய்தான் லாக் ஃபைல். நடந்ததெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். சாம்பல் நிற விழுது மட்டும் என்றால் வயசுக் கோளாறு; துணுக்கு என்றால் மூடிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாவது வண்டியில் பற்கள் சுத்தம், பினியனில் ஆட்டம் இல்லை. லிமிடெட் ஸ்லிப் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தன. அதுக்கென்ன, மாத்திக்கலாம்.

வீட்டில் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏங்க, இது உடைஞ்சா என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. இந்த அச்சில் தண்டை உள்ளே பிடித்து வைப்பது 'சி' வடிவ கிளிப் ஒன்று. தண்டு நடுவில் முறிந்தால் சக்கரம் அதோடு நழுவி வெளியே வரலாம். ஆறு வயது மகள் பின்சீட் எனக்குத்தான் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதைப் பழசாக வாங்கலாம், எதைக் கூடாது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கூடும் கியரும் பழசு, சரி. தண்டுகள் இரண்டும் புது அலாய் ஸ்டீல். எப்படியும் இடப்பக்கக் குழாய் மூன்று அங்குலம் நீளம் என்பதால் வெட்டிச் சுருக்கியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவுத் தண்டு போதும். குழாய்கள் வார்ப்பிரும்பு நடுக்கூட்டில் அழுத்திச் சொருகியவை, அதிக முறுக்கில் சுழன்றுவிடும். சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்காமல் பற்றவைத்தால் விரிசல் விடும், அதனால் அதை யூடியூப் பார்த்து நான் செய்யப்போவதில்லை. தொழில்முறை வெல்டரிடம் கொடுக்கிறேன். ஸ்கிராப் யார்டில் மிச்சம் பிடித்த காசு இங்கே கரைகிறது.

மனைவி போட்ட நிபந்தனை இன்னொன்று: டிராக் ஸ்டிரிப்பில் நான் தனியாக ஓட்டி, மூடியைத் திறந்து எண்ணெயைக் காட்டிய பிறகுதான் மகள் ஏறுவாள். ஒப்புக்கொண்டேன். வெல்டர் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார். அதுவரை அச்சு கராஜில், மனைவியின் கார் வெளியே பனியில். அந்தக் கணக்கு தனி.