பைன் காட்டுச் சருகும் எங்க ஊர்ச் சவுக்கும்

இர்விங்குக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரர் சுவரோரமாகக் குழாய் போட்டு வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்து முழித்தேன். செடியே இல்லாத இடத்துக்கு எதுக்குத் தண்ணி? அப்புறம்தான் தெரிந்தது, இங்கே இருப்பது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியான களிமண். காய்ந்து சுருங்கினால் அஸ்திவாரமே ஆட்டம் காணும்.

இந்தக் கறுப்பு மண் சலித்துப்போனவர்கள் ஒரு சனிக்கிழமை டேவி க்ராக்கெட் தேசிய வனத்துக்குப் போய்வரலாம். 45ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, சென்டர்வில்லில் 7ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்புங்கள். க்ராக்கெட் ஊரைத் தாண்டினால் ராட்க்ளிஃப் ஏரி. மொத்தம் மூன்று மணி நேரம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். போகப் போக மண் சிவக்கிறது, மணல் கலக்கிறது, பைன் மரங்கள் உயர்கின்றன. எனக்குப் பண்ருட்டிச் செம்மண் ஞாபகம் வந்துவிட்டது.

ஏரி சின்னதுதான். ஒரு காலத்தில் அது மர ஆலையின் கட்டைக் குளம். சென்ட்ரல் கோல் அண்ட் கோக் கம்பெனி 1902 முதல் 1920 வரை இங்கே மரம் வெட்டியது. ஏறக்குறைய 1,20,000 ஏக்கர் பழங்காடு போனது. வெட்டி முடித்ததும் கிளம்பிப் போனார்கள். 1936இல் இது தேசிய வனமானது. இன்று 20 மைல் நடைபாதைக்கு அந்தக் கம்பெனியின் பெயரால்தான் ‘ஃபோர் சி’ என்று பெயர். பசங்களோடு ஒரு மைல் நடந்தோம். காலடியில் மெத்தை மாதிரி பைன் சருகு.

திரும்பும் வழியில் ஒரு தனியார் தோப்பில் வெட்டு முடிந்திருந்தது. தண்டுகளை லாரி கொண்டுபோயிருந்தது. கிளையும் நுனியும் நிலம் முழுக்கக் கிடந்தன. “இவ்வளவு குப்பையை அப்படியே விட்டுட்டாங்களே!” என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் அது குப்பை இல்லை என்று புரிந்தது.

மரத்தில் எடை தண்டில் இருக்கிறது. சத்தோ, எடையோடு ஒப்பிட்டால், இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும்தான் அதிகம். இதே வனத்தில், க்ரோவ்டன் ஊர்ப் பக்கம், வனத்துறையின் நீண்டகாலச் சோதனைத் திடல் ஒன்று இருக்கிறது. சில பாத்திகளில் தண்டை மட்டும் எடுத்தார்கள். சிலவற்றில் கிளையோடு முழு மரத்தையும். சிலவற்றில் தரையில் கிடந்த சருகையும் சேர்த்து வாரினார்கள். டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி பக்கத்து இப்படிப்பட்ட சோதனைகளில் 19 இடங்களைப் பார்த்ததில், கிளையையும் எடுத்த 15 இடங்களில் அடுத்து நட்ட பைன் 7 முதல் 10 வயதுக்குள் பின்தங்கியது. சராசரி இழப்பு 18 சதவீதம். பாஸ்பரஸ் குறைந்த ஏழை மண்ணுக்குத்தான் அடி பலம்.

எங்களுக்கு ரெண்டு காணி சவுக்கு இருக்கிறது. என் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்து வந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு வெட்டு. கழி ஒரு பக்கம், மிளாறு கட்டுக்கட்டாகச் சூளைக்கு, வேர்க்கட்டையும் தோண்டி எடை போட்டு விற்றுவிடுவோம். சருகைப் பக்கத்துத் தெரு ஆயா கூட்டிக்கொண்டு போய் அடுப்பெரிப்பார். நிலம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். அதில் எங்களுக்கு ஒரு பெருமை. போன வெட்டில் கழி மெலிந்துவிட்டது என்று அப்பா குறைபட்டார்.

சவுக்கு வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும். ஆனால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் காற்றில் இல்லை. மண்ணிலிருந்துதான் வரணும். ஒவ்வொரு வெட்டிலும் அதை லாரி ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். வர்ற தையில் வெட்டு. வேரோடு சேர்த்து வியாபாரி விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

“மிளாறை விட்டா காசு குறையும்ப்பா. சத்து வேணும்னா உரம் போட்டுக்கலாம்ல?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சோதனைகளிலும் உரம் இழப்பை ஈடுகட்டியது. “உரம் காசு குடுத்து வாங்கணும்ப்பா. இது நம்ம நிலத்திலேயே கிடக்கிறது” என்றேன்.

“அப்ப அந்த ஆயா அடுப்புக்கு என்ன பண்ணும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிழவியின் அடுப்பை அணைக்கச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே வழி சொன்னார். ஒரு காணியில் மிளாறும் சருகும் அப்படியே கிடக்கட்டும்; கொளுத்தவும் வேண்டாம், வரிசைக்கு நடுவில் பரப்பிவிடலாம். இன்னொரு காணி வழக்கம்போல. ஆயா அங்கே கூட்டிக்கட்டும். வேர்க்கட்டை ரெண்டிலும் போகும், அதை விட முடியாது என்றார். அடுத்த வெட்டில் கழியைப் பார்த்து முடிவு செய்யலாம். க்ரோவ்டன் திடலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அதையேதான் அவரும் செய்யப்போகிறார்.

நவம்பரில் எங்கள் தெருவில் எல்லோரும் இலையைப் பையில் கட்டிச் சாலையோரம் வைப்பார்கள். இந்த வருஷம் நான் அதைப் பின்கட்டில் கொட்டப்போகிறேன்.