முட்டையிடாத கோழிக்கும் தீனி

வெளிமாநிலங்களில் பிழைக்க வந்த நம்மவர் குடும்பங்களில், ஊரிலிருக்கும் பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ளும் காலம் ஒன்று பெரும்பாலும் வரவே செய்கிறது. அப்போது அவர்களுக்குக் கட்டில் வாங்குகிறோம். நல்ல மருத்துவர் யாரென்று விசாரிக்கிறோம். கோயிலுக்கு வழி காட்டுகிறோம். ஆனால், விடியுமுன்னே எழுந்து பழகிய ஒருவர் இரவு வரையிலும் அந்தப் பொழுதை எவ்வாறு கழிப்பார் என்று எண்ணிப் பார்ப்போர் நம்முள் சிலரே. செகந்திராபாத்தில் எங்கள் இல்லத்தில் அக்கேள்விக்கு விடையாக வந்தவை நான்கு கோழிகள். கோழி வளர்ப்பைக் கௌரவக் குறைவாக நினைப்போர் இன்னும் உளராதலின், அவற்றைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

எங்கள் தந்தையார் கோவில்பட்டியில் நூற்பாலை ஒன்றில் உழைத்து, 58 வயதில் ஓய்வு பெற்றவர். தாயார் மறைந்தபின், 2021-ஆம் ஆண்டின் இறுதியில் எங்களிடம் வந்து சேர்ந்தார். தெலுங்கு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பு. இங்கே சங்கும் இல்லை, எழுந்தாலும் போவதற்கு இடமும் இல்லை. இரண்டே மாதங்களில் பேச்சு குறைந்தது. உணவும் உறக்கமும் குறைந்தன. மருத்துவர் சோதித்துப் பார்த்து, உடலில் பெருங்குறை ஒன்றுமில்லை, வெயிலில் நடமாட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எங்கே நடமாடுவது என்பதை அவர் சொல்லவில்லை.

வாடகை வீடாயினும் பின்புறம் முருங்கை மரமும் கொஞ்சம் மண்தரையும் உண்டு. வீட்டுக்காரரின் இசைவு பெற்று, இரண்டு மாத வளர்ச்சியுடைய வெடைக்கோழிகள் நான்கினை வாங்கிவரச் சொன்னவள் மருமகளே. ஐதராபாத்தின் இராஜேந்திரநகரில் மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புறக்கடை வளர்ப்புக்கென்றே அங்கு உருவாக்கப்பட்டவை வனராஜா, கிராமப்பிரியா என்னும் இனங்கள். முன்னது இறைச்சிக்கும் முட்டைக்கும் பொதுவானது. பின்னது முட்டைக்கே உரியது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் இடுமாயின், கிராமப்பிரியா நல்ல பராமரிப்பில் 200 வரையிலும் இடக்கூடியது. நாங்கள் வாங்கியது கிராமப்பிரியா.

அன்று முதல் தந்தையாருக்கு நேரம் பிறந்தது. காலையில் கூட்டைத் திறத்தல், எச்சம் கூட்டி முருங்கையடியில் புதைத்தல், தண்ணீர் மாற்றுதல், மாலையில் எண்ணிப் பார்த்து அடைத்தல் எனப் பொழுது பகிர்ந்து கொள்ளப்பட்டது. பூனைக்கும் கீரிக்கும் அஞ்சிக் கூட்டுக்குக் கம்பிவலையை அவரே அடித்தார். கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீனி தின்னும். முட்டை ஓடு உறுதிப்படக் கிளிஞ்சல் தூள் வேண்டும். பகல் குறுகும் மாதங்களில் முட்டை குறைவதும், இறகு உதிரும் காலத்தில் அடியோடு நிற்பதும் நோயல்ல, இயற்கை. இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதலானார்.

மொழியும் கோழியின் வழியாகவே வந்தது. தெலுங்கில் கோழிக்குப் பெயர் 'கோடி'. முட்டைக்குப் பெயர் 'குட்டு'. அடுத்த வீட்டு அம்மையார் வேலியோரம் நின்று இரண்டு 'குட்டு' கேட்டபோது, தாம் என்ன பிழை செய்தோம் என்று தந்தையார் திகைத்தார். பொருள் விளங்கியபின், "என்னிடம் நாலு கோடி இருக்கிறது, எனக்கென்ன குறை?" என்று பேரனிடம் சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கோழி வளர்ப்பில் நலம் பேணுதல் தலையாயது. நம் பக்கத்தில் வெள்ளைக்கழிச்சல் என்றும், மருத்துவ நூல்களில் இராணிக்கெட் நோய் என்றும் வழங்குவதற்கு மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே காப்பு. அத்தடுப்பு மருந்தோ பெரும்பாலும் நூறு கோழிகளுக்குப் போதுமான குப்பியாக வருவது; கரைத்தால் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். நான்கு கோழிகளுக்காக ஒரு குப்பியை உடைப்பார் யார்? தந்தையார் அரைகுறைத் தெலுங்கிலேயே எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கோழி வைத்திருந்த பதினொரு வீட்டாரைக் கண்டு பேசி, ஒரே நாளில் எல்லாவற்றையும் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல ஏற்பாடு செய்தார். அதன்பின் அத்தெருக்களில் அவர் 'கோழித் தாத்தா' ஆனார்.

2025 பிப்ரவரியில் ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரி மாவட்டங்களில் பறவைக்காய்ச்சல் கண்டபோது, இங்கும் அச்சம் பரவியது. அச்சம் தகும், அறியாமை தகாது. கோழிகளை வெளியே விடாமல் அடைத்து வைத்தோம். புறாவும் காகமும் தீனியை அண்டாமல் மூடினோம். கூட்டுக்கென்று தனிச் செருப்பு ஒதுக்கினோம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் எவரும் உள்ளே வரலாகாது. குழந்தைகள் கோழியை முகத்தோடு அணைக்கலாகாது என்று விதித்தோம். முட்டையும் இறைச்சியும் உட்புறம் வரை 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறுமாறு வேகவேண்டும் என்பதனால், அரைவேக்காட்டு முட்டையை விட்டோம். தாமாக இறந்த கோழிகளைக் கண்டால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பதே முறை. எங்களுக்கு அந்நிலை நேரவில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில்தான் வேறொரு கேள்வி எழுந்தது. கோழி முதலாண்டில் மிகுதியாக இடும். பின்னர் ஆண்டுக்காண்டு குறையும். ஆனால் அதன் ஆயுளோ அதனினும் நீண்டது. நான்கில் இரண்டு முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. மற்ற இரண்டும் எப்போதோ ஒன்று இட்டன. ஒரு மாலை தந்தையார் குறிப்பேட்டை மூடிவிட்டு, "முட்டையிடாததற்குத் தீனி போட்டு என்ன பயன்? சந்தையில் தள்ளிவிட வேண்டியதுதான்" என்றார். குரலில் சினமில்லை. எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர் கேட்டது கோழியைப் பற்றி மட்டுமன்று என்று எங்களுக்குப் பட்டது. தொழிலாளர் சேமநிதி ஓய்வூதியத்தின் குறைந்த அளவு 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அவர் பெறுவது அதைவிடச் சிறிதே கூடுதல். மகன் வீட்டில் உண்கிறோம் என்னும் எண்ணம் அவரை என்றும் விட்டதில்லை. வேளாவேளைக்குச் சோறிட்டால் கடமை முடிந்தது என்று நாம் கருதுகிறோம். வாங்குபவர் கையோ கொடுக்கவும் விரும்புகிறது.

மருமகள்தான் மறுமொழி சொன்னாள்: "மூன்று வருஷம் போட்டது போதாதா, மாமா? இருக்கிறவரை இருக்கட்டும். தீனிக்கு மட்டும் நீங்கள் பணம் கொடுங்கள்."

எங்களுக்குச் சற்றே திடுக்கிட்டது. அவர் பணம் நீட்டும்போதெல்லாம் வேண்டாமென்று மறுப்பதே பண்பு என்றிருந்த வீடு இது. தந்தையாரோ மறுநாளே கடைக்குச் சென்று, ஒரு மூட்டைத் தீனியைத் தம் பணத்தில் வாங்கி, ஆட்டோவில் வைத்துக் கொணர்ந்தார். அன்றிரவு இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கி உண்டார்.

பின்னர் இரண்டு வெடைக்கோழிகள் வந்தன. புதியன வந்தால் மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும், அவ்வாறே செய்தார். இப்போது பின்புறத்தில் கோழிகள் ஆறு. ஒழுங்காக முட்டையிடுபவை இரண்டு. குறிப்பேட்டில் முட்டைக்கு ஒரு பத்தி, தீனிக்கு ஒரு பத்தி. தீனிப் பத்தியில் ஆறுக்கும் சேர்த்தே எழுதுகிறார்.