கேரி ஸ்காட்டின் மகன்

டக்ளஸ் சர்க் படங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நான் மறுத்ததே இல்லை. கல்லூரிக் கருத்தரங்கோ, ஃபிலிம் சொசைட்டியோ, சிற்றிதழ்க் கட்டுரையோ, எதுவானாலும் சரி. முக்கியமாக 1955-ல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக அவர் எடுத்த ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் மெட்டி எந்த அறையில் நீல வெளிச்சம் வைத்தார், எங்கே ஆரஞ்சு வைத்தார், எந்தக் கண்ணாடியில் யார் முகம் எப்போது விழுகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. கதாநாயகனாக இல்லை. நாயகியின் மகனாக.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் ஒரு வசதியான சிறு நகரம். கேரி ஸ்காட் கணவனை இழந்தவள். மகனும் மகளும் வளர்ந்துவிட்டார்கள், வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்து போகிறார்கள். தோட்டத்து மரங்களைக் கழித்துவிட வரும் ரான் கிர்பி என்ற இளைஞனோடு அவளுக்கு மெல்லப் பழக்கம் ஏற்படுகிறது. அவன் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். கிளப்பில் கூடும் சீமாட்டிகள் சிரிக்கிறார்கள், பிள்ளைகள் கொதிக்கிறார்கள். அவள் பிள்ளைகளுக்காக அவனை விட்டு விலகுகிறாள். விலகிய கொஞ்ச காலத்திலேயே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, மகன் வெளிநாடு கிளம்புகிறான், இவ்வளவு பெரிய வீடு எதற்கு, விற்றுவிடலாமே என்றும் சொல்கிறான். கேரியாக ஜேன் வைமன், ரானாக ராக் ஹட்சன். வைமன் பிறந்தது 1917-ல், ஹட்சன் 1925-ல். அதாவது அந்த ‘வயதான விதவை’க்குப் படம் எடுத்தபோது நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.

வெளிவந்த காலத்தில் இதையெல்லாம் பெண்கள் மதியக் காட்சிக்குப் போய் மூக்கைச் சிந்துகிற அழுகாச்சிப் படம் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவைத்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1971-ல் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டர், சர்க்கின் ஆறு படங்களைப் பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். மூன்று வருஷம் கழித்து இதே கதையை மியூனிக் நகரத்துக்குக் கொண்டுபோய், துப்புரவு வேலை செய்யும் கிழவி, அவளைவிட வெகு இளையவனான மொராக்கோ தொழிலாளி என்று மாற்றி, ‘அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்’ எடுத்தார். எங்களைப் போன்றவர்கள் சர்க்கிடம் வந்தது அந்த வழியாகத்தான். அந்த வழியில் வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. படத்தில் யார் அழுதாலும் நாங்கள் அழமாட்டோம். இயக்குநர் இங்கே கிண்டல் செய்கிறார் பார், கடைசியில் ஜன்னலுக்கு வெளியே மான் வந்து நிற்கிறது பார், எவ்வளவு போலியான மங்களம் என்று விளக்குவோம். ஒரு திரையிடல் முடிந்து விளக்கு போட்டதும், முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்து நான் முதலில் சொன்னது, “இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை” என்பதுதான். கூட்டம் சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவைத்தார்.

அந்தச் சமயத்தில் என் அம்மா தஞ்சாவூரில் தனியாக இருந்தாள். அப்பா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். அதே பள்ளியில் ஹெட்கிளார்க்காக இருந்தவர் ஒருவர், மனைவியை இழந்தவர், சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரைச் சார் என்பாள். கிணற்று மோட்டார் இழுக்காவிட்டால் பார்ப்பார். ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தில் அம்மா விட்டுவைத்த கட்டங்களைப் பேனாவால் நிரப்புவார். தப்பாக நிரப்பினால் அவள் திட்டுவாள். சில நாள் இருவரும் பெரிய கோயில் வரை நடந்துபோய்ப் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஏதாவது இருந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

எதிர்வீட்டு அத்தை போன் செய்தாள். “தம்பி, தப்பா நினைச்சுக்காதப்பா, உங்கம்மாவ நான் ஒண்ணும் சொல்லல, ஊரு வாயி இருக்கே.” மறுநாளே பஸ் ஏறினேன்.

படத்தில் மகன் நெட் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கவனிப்பான். கணப்படுப்பின் மேல் இருந்த அப்பாவின் வெற்றிக் கோப்பை அங்கே இல்லை. எங்கே என்று கேட்பான். கேள்வி கோப்பையைப் பற்றியதல்ல என்பது அம்மாவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நான் ஹாலில் செருப்பைக் கழற்றியபோது சுவரைப் பார்த்தேன். அப்பா படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது.

“அப்பா படம் எங்கம்மா?”

“வெள்ளையடிக்கிறப்போ எடுத்தது. உள்ள என் ரூம்ல மாட்டியிருக்கேன். படுத்துக்கிட்டே பாத்துக்கலாம்ல.”

நல்ல மனுஷன் அதோடு விட்டிருப்பான். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தை மறுபடி ஹாலில் மாட்டினேன். சார் வந்தால் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே. அன்று சாயங்காலம் அவர் வந்தார், உட்கார்ந்தார், நிமிர்ந்து பார்த்தார். காபியைக் குடித்துவிட்டு, “தம்பி வந்திருக்காப்ல, பேசிக்கிட்டு இருங்க டீச்சர்” என்று கிளம்பிவிட்டார். குறுக்கெழுத்து அப்படியே கிடந்தது.

ராத்திரி பேசினேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், ஒன்பதாம் வகுப்புப் பையன்களைக் கட்டி மேய்த்தவள். நான் குழைந்து பேசினேன். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நாலு பேரு பேசுறாங்க. உன் மருமக வீட்ல காதுல விழுந்தா நல்லா இருக்குமா? தனியா இருக்கிறதுதானே கஷ்டம், துணைக்கு ஒரு பொம்பளையாள வச்சுக்கலாம். இல்ல எங்ககூட வந்துடு, புள்ளையும் உன்னையே கேக்குது.” இதில் ஒவ்வொரு வாக்கியமும் பாசம்தான். அதுதான் இதில் அசிங்கம்.

சர்க் இதை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. படத்தில் ஹார்வி என்று இன்னொருவர் வருகிறார். வயதானவர், மரியாதையானவர், எப்போதும் உடம்புக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பவர். இந்த வயதில் வேண்டியது துணைதானே என்ற தோரணையில் கேரியைக் கல்யாணத்துக்குக் கேட்கிறார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும்! ஆக அம்மா மறுமணம் செய்துகொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபணையே இல்லை. அவள் ஆசைப்படக் கூடாது, அவ்வளவுதான். அவள் சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு விருந்துக்குக் கிளம்பும்போதே, கழுத்து கொஞ்சம் இறக்கமாக இல்லையா என்று மகன் முகம் சுளிப்பான். அதே விருந்தில் கல்யாணமான ஒருவன் அவளை இழுத்து முத்தமிடுகிறான். அவன் குடும்பஸ்தனாகவே நீடிக்கிறான். சபலக்காரி என்ற பெயர் மட்டும் கேரிக்கு வருகிறது. மகள் கே இருக்கிறாளே, அவள் படித்தவள், வாய்க்கு வாய் ஃப்ராய்டு. பழங்கால எகிப்தில் கணவனின் கல்லறைக்குள் மனைவியையும் உயிரோடு வைத்து மூடிவிடுவார்கள், இப்போதெல்லாம் அப்படி நடப்பதில்லை என்று அம்மாவுக்கே பாடம் எடுப்பாள். பிறகு தானே கல் எடுத்துக்கொடுப்பாள். புத்தகம் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் சுலபமாகவே வருகிறது. அந்த எகிப்து வசனத்தை நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

என் அம்மாவுக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது, அவளுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கும்போது மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அந்த உடம்பின் பக்கத்தில் ஒருவர் புல்வெளியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது எனக்குக் குமட்டியது. ஊர் பேசியது ஒரு சாக்கு. ஊர் பேசாமல் இருந்திருந்தாலும் நான் பஸ் ஏறியிருப்பேன்.

அம்மா சென்னைக்கு வந்துவிட்டாள். தஞ்சாவூர் வீட்டை வாடகைக்கு விட்டோம்.

டிவி வாங்கிக் கொடுத்தாயா என்று சர்க் ரசிகர்கள் கேட்பார்கள். கொடுத்தேன். கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார், ஆனால் வாழ்க்கைக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ பார்த்த யாராலும் மறக்க முடியாதது அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிதான். கிறிஸ்துமஸ் பரிசாகப் பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள். கொண்டுவந்தவன், குமிழைத் திருகினால் போதும், உலகமே உங்களுக்குத் துணை என்கிற பாணியில் பேசுகிறான். கேமரா மெல்ல நெருங்கும்போது, இன்னும் உயிர் பெறாத அந்த இருட்டுத் திரையில் சிவப்பு ரிப்பனுக்கு நடுவே ஜேன் வைமனின் முகம் பிம்பமாக விழுகிறது. அன்றைக்கு ஹாலிவுட்டின் கூட்டத்தைப் பறித்துக்கொண்டிருந்த பரம எதிரி டிவி. அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் அது வந்துவிட்டிருந்தது. ஆகவே இது எதிரிக்கு ஸ்டூடியோ கொடுத்த குத்து என்றும் சொல்வேன், பெண்ணைச் சட்டத்துக்குள் அடைக்கும் படிமம் என்றும் சொல்வேன். ஃபாஸ்பைண்டர் படத்தில் மகன் ஆத்திரத்தில் டிவியையே எட்டி உதைக்கிறான், அது சர்க்குக்குச் செய்த மரியாதை என்றும் சேர்த்துச் சொல்வேன். இவ்வளவும் தெரிந்தவன், ஒரு ஆடித் தள்ளுபடியில் நாற்பத்து மூன்று இன்ச் டிவி வாங்கி அம்மா அறையில் மாட்டினேன். மாட்டும்போது ஒரு கணம்கூட உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அதையும் அடுத்த கூட்டத்தில் ஒரு ஜோக்காகச் சொல்லியிருப்பேன் என்பதுதான் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை.

சர்க்கின் சொந்த வாழ்க்கையும் எனக்கு மேடைச் சரக்காகத்தான் இருந்தது. 1897-ல் ஹாம்பர்கில் பிறந்தவர், இயற்பெயர் ஹான்ஸ் டெட்லெஃப் சியர்க். முதல் மனைவியைப் பிரிந்து, ஹில்டே யாரி என்ற யூத நடிகையை மணந்தார். முதல் மனைவி நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், மகனை அப்பா கண்ணிலேயே காட்டவில்லை. பையன் நாஜி காலப் படங்களில் குழந்தை நட்சத்திரமானான். மகனைப் பார்க்க வேண்டுமென்றால் சர்க் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். 1937-ல் அவர் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1944-ல் பையன் போர்முனையில் செத்துப்போனான். இரண்டாவதாக ஒரு துணையைத் தேடிக்கொண்டதற்குப் பெற்ற பிள்ளையையே விலையாகக் கொடுத்த மனுஷன் எடுத்த படம் இது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடிப்பேன். கூட்டம் அமைதியாகும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறிப்பெடுக்க வேண்டியிருந்ததால் அம்மாவின் டிவியிலேயே படத்தை ஓடவிட்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே பாதியிலிருந்து பார்த்தாள். சப்டைட்டில் படிக்கிற வேகம் என்னைவிட அவளுக்கு அதிகம். நெட் கோபத்தோடு வீட்டை விட்டுப் போகும் காட்சி வந்தது.

“இந்தப் பையன் நல்லவன்தான். அம்மா மேல பாசமாத்தான் இருக்கான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரான், பழைய மாவு மில்லைச் சீர்செய்து வீடாக்கி, பெரிய ஜன்னல் வைத்திருக்கும் காட்சி வந்தபோது கேட்டாள், “அந்த வீட்ல தண்ணி வசதி உண்டாடா?”

அது ஒரு கேள்வி. அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்த ஒருத்தி மட்டும் கேட்கிற கேள்வி. நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? அது வீடே இல்லம்மா, ஸ்டூடியோ செட்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பனிகூட நிஜமில்லை என்றேன். “ஓஹோ” என்று கீரைத்தண்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

சார் இன்னும் தஞ்சாவூரில்தான் இருக்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மா போனில் பேசுவாள், நான் வீட்டில் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாள். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் கூப்பிட்டதில்லை. என்ன சொல்வதென்று தெரியாததால் இல்லை. போனை எடுத்ததும் அவர், “தம்பி, நல்லா இருக்கீங்களா, டீச்சர் எப்படி இருக்காங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்பார். அதைக் கேட்டுக்கொண்டு பேச எனக்குத் துணிச்சல் இல்லை.