கூலி அளந்தாச்சா?

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தோடு பழக்கமுள்ளவர்கள் ஆர்தர் கோக் பர்னல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்த ஊரில் மாவட்ட நீதிபதியாக இருந்த வெள்ளைக்காரர். அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அவர் தயாரித்த பட்டியல் 1880இல் அச்சானது. அவருடைய பெயர் இன்னொரு தடித்த புத்தகத்தின் அட்டையிலும் இருக்கிறது. ஹென்றி யூலோடு சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்களின் பேச்சில் ஏறிக்கொண்ட நம் சொற்களுக்கான அகராதி. பர்னல் இறந்து நான்கு வருடம் கழித்து, 1886இல் வெளிவந்தது.

முனைவர் பட்ட ஆய்வுக்காக வேறொரு சொல்லைத் தேடி அந்த அகராதியைப் புரட்டியபோதுதான் ‘கூலி’யைப் பார்த்தேன். வாடகைக்கு உழைப்பவன், சுமை தூக்குபவன், இப்போது குறிப்பாகத் தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து கொண்டுபோகப்படுபவன் என்று பொருள் சொல்கிறது. மூலம் எது என்ற இடத்தில் மேற்கிந்தியாவின் ‘கோலி’ என்ற சாதிப் பெயரைக் கைகாட்டுகிறது. தமிழில் ‘கூலி’ என்று ஒரு சொல் இருப்பதையும், வில்சன் அதையே மூலமாகக் கருதுவதையும் சொல்லிவிட்டு நகர்கிறது. வில்சன் 1855இல் வருவாய்த்துறைச் சொற்களுக்கு அகராதி போட்டவர்.

கோலியா, கூலியா என்ற வழக்கில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இரண்டும் ஒரு இடத்தில் கலந்திருக்கலாம். என்னை நிறுத்தியது வேறு. தமிழில் கூலி அஃறிணை. கொடுக்கப்படுவது, வாங்கப்படுவது, அளக்கப்படுவது. திருக்குறளில் அந்தச் சொல் வரும் இடத்திலும் உழைப்புக்குக் கிடைக்கும் பலன்தான் அது. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் விகுதியோ இன்னொரு சொல்லோ சேர்த்தாக வேண்டும்: கூலிக்காரர், கூலியாள், கூலிக்காரி. ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த ஒட்டு கழன்றுவிட்டது. கூலி வாங்குகிறவளே கூலி ஆகிவிட்டாள். இலக்கணம் படித்தவர்களுக்கு இது உறைக்கும். உயர்திணை ஒன்று சத்தமில்லாமல் அஃறிணைக்குள் போய்விட்டது.

என் அப்பாயி மன்னார்குடிப் பக்கம் நடவாள். நாற்று முடிச்சு விழுந்த வயலில் முப்பது வருடம் குனிந்து நின்றவள். அவள் ஒருநாளும் ‘நான் கூலி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘கூலிக்குப் போறேன்’ என்பாள். அதைவிட அடிக்கடி அவள் வாயில் வரும் வாக்கியம் இது: “அந்த வூட்ல எனக்கு மூணு கூலி நிக்கிது.” மூன்று நாள் வேலைக்கான நெல் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். யாரோ ஒருவருடைய பத்தாயத்தில் அவளுடையது நின்றுகொண்டிருக்கிறது. அவள் போய்க் கேட்டு அதை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் தெருவில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால் கேட்பது “கூலி அளந்தாச்சா?” சாப்பிட்டாச்சா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

அளப்பதிலும் ஆயிரம் இருக்கிறது. மரக்காலில் நெல்லைக் குவித்துப் போடுவது ஒன்று, மேலே கையால் வழித்துவிட்டுப் போடுவது இன்னொன்று. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது ஏட்டுக் கணக்கு. வழிக்கிற கை யாருடையது என்பது களத்துமேட்டுக் கணக்கு. ஆண்கள் அண்டை வெட்டுவதற்கு ஓர் அளவு, பெண்கள் நடுவதற்கும் களை எடுப்பதற்கும் அதைவிடக் குறைவு. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்காக வந்த பாதுகாப்புச் சட்டமே ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவு என்று பிரித்துத்தான் எழுதியது. அப்பாயிக்குச் சட்டம் தெரியாது, வழிக்கிற கை தெரியும். “கையை எடுங்க ஐயா, நான் வழிச்சுக்கிறேன்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அந்தப் பருவம் முழுவதும் அந்த வீட்டு வேலை இல்லாமல் இருந்தாளாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஆங்கிலத்தின் பழைய உரைநடையில் இந்த அளக்கிற காட்சி வராது. பயணக் குறிப்புகள், கடிதங்கள், நாவல்கள் எல்லாவற்றிலும் கூலிகள் வருவார்கள். பெட்டி தூக்குவார்கள், பல்லக்கு சுமப்பார்கள், கோவேறு கழுதைகளோடு சேர்த்து எண்ணப்படுவார்கள். எத்தனை பேர் என்று இருக்கும், பேர் இருக்காது. படிக்கப் படிக்க ஒன்று தெரியும். ‘வேலைக்காரன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அவனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று யாராவது கேட்டிருக்கக்கூடும். ‘கூலி’ என்ற சொல்லில் அந்தக் கேள்வி முளைப்பதில்லை. கடனைக் குறித்த சொல்லையே ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டால் கடன் எங்கே போய் நிற்கும்?

ஒரே ஒரு விதிவிலக்கை நான் விரும்பிப் படித்திருக்கிறேன். ஜோசப் கான்ராடின் ‘டைஃபூன்’, 1902இல் வந்த குறுநாவல். நான்-ஷான் என்ற கப்பலின் அடித்தளத்தில் இருநூறு சீனக் கூலிகள் ஊர் திரும்புகிறார்கள். வெப்ப நாடுகளில் பல வருடம் உழைத்துச் சேர்த்த வெள்ளி நாணயங்கள் ஆளுக்கொரு மரப்பெட்டியில். துணை அதிகாரி அவர்களைப் பயணிகள் என்று குறிப்பிடும்போது கேப்டன் மாக்விருக்குப் புரியவே இல்லை. எந்தப் பயணிகள் என்று கேட்கிறார். கூலிகளைப் பயணிகள் என்று சொல்லி அவர் கேட்டதே கிடையாது. பிறகு புயல் வருகிறது. பெட்டிகள் உடைந்து நாணயங்கள் உருள்கின்றன. இருட்டில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் அதே கேப்டன் எல்லாப் பணத்தையும் பொறுக்கச் சொல்லி, எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடுகிறார். மிஞ்சிய மூன்று நாணயங்கள் அதிகம் அடிபட்ட மூன்று பேருக்கு. கான்ராடின் இரக்கத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கலாம். எனக்குப் பிடித்தது, தமிழ்க் கூலி ஆங்கிலக் கூலியைத் தேடிக்கொண்டு கப்பல் தரையில் உருண்டு போகிறது என்பதுதான். கான்ராடுக்குத் தமிழ் தெரியாது. நான் இப்படித்தான் படிப்பேன்.

அந்தக் கப்பலில் பெண்கள் இல்லை. நம் கரையிலிருந்து போன கப்பல்களில் இருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், பிரெஞ்சுக்காரர்களின் காரைக்காலிலிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் டெல்டா சனங்கள் ஏறிப் போனார்கள். 1843இல் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு நீங்கியது. அதற்குப் பிறகும் ஆட்கள் தேவைப்பட்டார்கள், பெயர் மட்டும் மாற வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கப்பல்களில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டுமென்று ஆங்கிலேய அரசு விதி வைத்தது. ஆள் பிடிக்கிறவர்களுக்கு அந்த நாற்பதை நிரப்புவதுதான் தலைவலி. அறிக்கைகளிலும் அவள் ஒரு விகிதாசாரமாகவே வருகிறாள். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவில் கர்ப்பிணியாகத் தனியே கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய புத்தகத்துக்கு, வசவாகிவிட்ட அந்தச் சொல்லையே முன்னால் நிறுத்தி ‘கூலிப் பெண்’ என்று பெயர் வைத்தார். 2013இல் வந்த அந்தப் புத்தகத்தை மாணவிகள் தேடிப் படிக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல் இன்னும் அகலமாகப் பரவியது. வேலை என்னவாக இருந்தாலும் இந்தியர் எல்லோரும் கூலிதான். காந்தி கூலி பாரிஸ்டர். ஜோகன்னஸ்பர்கில் வியாபாரி வீட்டில் பிறந்த வள்ளியம்மையும் அந்தக் கணக்கில்தான் வருவாள். அம்மாவின் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடி. ஒப்பந்தம் முடிந்தவர்கள்மேல் போட்ட மூன்று பவுண்டு வரி பெண்களையும் விட்டுவைக்கவில்லை. நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்று ஒரு தீர்ப்பும் வந்தது. 1913இல் பெண்கள் சிறைக்குப் போனார்கள். 1914 பிப்ரவரி 22இல், விடுதலையான சில நாளில், பதினாறு வயதில் அவள் செத்துப்போனாள். தில்லையாடியில் அவளுக்கு மண்டபம் இருக்கிறது. வழியில் போனால் இறங்கிப் பாருங்கள்.

இலங்கைத் தோட்டங்களில் ஒருநாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். கங்காணி பேர் போட்டால் கூலி உண்டு. பறித்த கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். பேரை வெட்டிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மலையகத் தோழி ஒருத்தி இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆள் கூலியானது ஆங்கிலத்தில். இங்கே கூலி ஆளின் பேராகி, அந்தப் பேரைப் பாதியாகவும் வெட்டலாம் என்றாகிறது. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் அந்தத் தோட்டங்களுக்குள் போய்ச் சங்கம் கட்டியவர்கள். 1930களில் நடேசய்யர் எழுதியவற்றில் ‘தொழிலாளர்’ என்ற சொல் தலைப்பிலேயே வருகிறது. மீனாட்சியம்மை பாட்டு எழுதிக் கூட்டங்களில் பாடினார். நடேசய்யரைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் அவர் பெரும்பாலும் ஒரு பத்திதான். கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இதில் கோபம் உண்டு.

தமிழும் சுத்தமான கையோடு நிற்கவில்லை. ‘கைக்கூலி’ என்றால் லஞ்சம், பிறகு லஞ்சத்துக்கு விலைபோன ஆள். மேடையில் எதிரியைத் திட்ட வசதியான சொல். முஸ்லிம் தோழிகள் வீட்டில் அதே சொல் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பணம். நடவு நட்டவளுக்குக் கூலி நிற்கிறது, தாலி கட்டுகிறவருக்கு முன்பணமாகவே வந்துவிடுகிறது. ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டைக்காரரை ‘கூலி’ என்று நாமே கூப்பிடுகிறோம். நம் சொல்லை ஆங்கிலத்திலிருந்து திரும்ப வாங்கி, விகுதி இல்லாமலேயே வைத்துக்கொண்டோம்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூடுதலாகக் கொஞ்சம் நெல் கேட்ட கூலி விவசாயிகளின் சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த வருடம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இதற்கு மேல் இதை இங்கே எழுத என்னால் முடியவில்லை. ‘கூலி உயர்வு கேட்டு’ என்ற மூன்று சொல்லைப் பாடப்புத்தகத்தில் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள் என்று மட்டும் வகுப்பில் சொல்வேன்.

என் கதையில் சொல் கொஞ்சம் நாகரிகமாக மாறியது. பட்டம் வாங்கியபின் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் கௌரவ விரிவுரையாளர். வாங்கியதற்கு மதிப்பூதியம் என்று பெயர். மே மாதத்துக்குக் கிடையாது. மற்ற மாதங்களிலும் மூன்று நான்கு மாதம் சேர்த்து வரும். கவியரங்கத்துக்குப் போனால் சன்மானம், அதுவும் சால்வையாக. அப்பாயி அப்போது இருந்தாள். மதிப்பூதியம் இன்னும் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “அது என்னடி அது?” என்றாள். விளக்கினேன். “நாலு மாசக் கூலி நிக்கிதுன்னு சொல்லேன்” என்றாள்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் சேர்க்கை நேரத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கும் வரும். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்தில் ‘கூலி’. நாலு விண்ணப்பத்துக்கு ஒன்றாவது அப்படி இருக்கும். தாயின் தொழில் என்ற கட்டத்தில் இல்லத்தரசி. விண்ணப்பம் நீட்டும் பெண்ணுக்குப் பின்னால் அந்த இல்லத்தரசி நிற்பார். நகத்துக்குள் வயல் சேறு இருக்கும். “அம்மா வேலைக்குப் போறாங்களாம்மா?” என்றால் பெண் தரையைப் பார்ப்பாள். அம்மாதான் சொல்வார்: “நடவுக்குப் போறதுதாங்க. அதெல்லாம் எழுதணுமா?” பழைய ஆங்கில உரைநடையின் அந்தச் சொல் அப்பாவின் கட்டத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அதுகூட இல்லை. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை, வங்கிக் கணக்குக்கே வருகிறது. வயலில் இன்னும் இரண்டு விலை.

முதலாமாண்டு மாணவிகளுக்குச் சொற்பொருள் மாற்றம் பாடம் நடத்தும்போது, வீட்டில் கூலி என்ற சொல் எந்தெந்த வாக்கியத்தில் வருகிறது என்று கேட்டு எழுதிவரச் சொல்வேன். பாதிப் பேர் அகராதியைப் பார்த்து எழுதிவருவார்கள். சென்ற ஆண்டு நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒருத்தி, சேர்க்கையின்போது தரையைப் பார்த்தவள்தான், இரண்டு பக்கம் எழுதி வந்தாள். நடவுக் கூலி, களைக் கூலி, உளுந்து பிடுங்கின கூலி என்று அம்மாவின் வாய்ச்சொல்லாகவே வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேரே யார் வீடு, எத்தனை நிற்கிறது என்று ஒரு பத்தி. நான் அதைக் கேட்கவில்லை. அம்மா சொல்லச் சொல்ல எழுதிவிட்டாளாம். கூட்டிப் பார்த்தேன், ஏழு நின்றது. தாளில் மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

போன வாரம் நூலக வாசலில் பார்த்தாள். “மேம், அந்தத் தாளை எடுத்துக்கிட்டு அம்மா போனாங்க. நாலு வந்துருச்சு” என்றாள்.