கைக்கு எட்டுகிற உருப்படி

கிளாசிக்கல் கிடார் பழக வருகிறவருக்கு முதன்முதலில் எதை வாசிக்கக் கொடுப்பது என்பது மாஸ்டரின் சொந்த ருசி சம்பந்தப்பட்ட காரியமாகவே பார்க்கப்படுகிறது. அப்படியில்லை. யார் நிலைப்பார், யார் மூன்றாம் மாதம் நின்றுபோவார் என்பதைப் பெரும்பாலும் அந்த முதல் உருப்படிதான் முடிவு செய்கிறது. (உருப்படி என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 'பீஸ்' என்றால் எங்கள் பிள்ளைகள் கட்டணம் கேட்கிறேன் என்று மிரள்கிறார்கள்.)

வருகிறவர்கள் கேட்பது 'ரொமான்ஸ்'. இயற்றியவர் யாரென்று உறுதிப்படாத இந்த உருப்படி, 1952இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் நார்சிசோ யெப்பெஸ் வாசித்ததால் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. கேட்டால் சுலபம்போலத்தான் தெரியும். முதல் கம்பியில் மெட்டு நகரும். அடியில் கட்டைவிரல் தடித்த கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கும். தொடக்கத்தைப் பிள்ளை பத்து நாளில் பிடித்துவிடும். அப்புறம் வருகிறது வினை. 5வது ஃபிரெட்டில் சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைக்கணும். அடுத்து 7வதில் படுக்கவைத்தபடியே சுண்டுவிரலை 11வது வரைக்கும் நீட்டணும். மேஜருக்கு மாறுகிற இரண்டாம் பகுதி இதைவிடக் கொடுமை. பிள்ளை அங்கே நின்றுபோகும். நின்றவுடன் சொல்வதற்கென்றே காத்திருக்கிறார்கள்: "இதுக்கெல்லாம் கை வரணும்பா."

நகரத்தில் நான் பழகிய வகுப்பில் இந்த வாக்கியத்தைப் பலதடவை கேட்டிருக்கிறேன். யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அவர்கள் மறுவாரம் வரவில்லை. தகுதி, திறமை, பிறவி ஞானம் என்று நமக்கு நன்றாகப் பழக்கமான அதே அளவுகோல்தான் இங்கே விரலை அளக்கிறது. எட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, எட்டவில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுவது. கையில் ஒரு கோளாறும் கிடையாது. பல மாதம் கழித்துச் செய்யவேண்டியதை ஆறாவது நாளில் கேட்டால் எந்தக் கைதான் செய்யும்?

எங்கள் மாலை வகுப்பில் ஏழு பிள்ளைகள், மூன்று கிடார். ஒருவர் கையில் கிடார் இருப்பது அரைமணிதான். அதனால் நான் தேடுவது ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற, ஆனால் முழுசாக முடிகிற உருப்படி. பார்சிலோனாவில் பிறந்த ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) மேடைக்கென்று பெரிய பெரிய உருப்படிகள் செய்தவர். அந்த மனிதர் கடைசிக் காலத்தில் பாரிசில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களுக்கு 25 பாடங்கள் எழுதினார், ஓபஸ் 60. முதல் பாடத்தில் கார்டே கிடையாது. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு சுரம், சி மேஜரில். ஆனாலும் அது வெறும் பயிற்சி இல்லை. கிளம்பி, சுற்றி, வீடு திரும்புகிற இசை. மௌரோ ஜூலியானியின் 120 வலதுகைப் பயிற்சிகள் வேறு இருக்கின்றன, இரண்டே கார்டை வைத்துக்கொண்டு. விரலுக்கு நல்லது, தினம் ஐந்து நிமிடம் போதும். அதை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட முடியாதே.

மெட்டும் அடிச்சுரமும் சேர்ந்து வருகிற கட்டத்தில் சுருதி முக்கியம். தடித்த கம்பிகள் மூன்றும் இ, ஏ, டி. இடதுகை தொடாமலே ஒலிப்பவை. ஏ மைனர், இ மைனர் என்றால் அடிச்சுரத்தைக் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும். இடதுகை மெட்டை மட்டும் கவனித்தால் போதும். சி, ஜி என்றால் அடிச்சுரத்துக்கே ஒரு விரலை 3வது ஃபிரெட்டில் அடகு வைக்கணும். நேப்பிள்ஸில் பிறந்து பாரிசில் மாஸ்டராக இருந்த ஃபெர்டினாண்டோ கருல்லி (1770–1841) சின்னச் சின்ன வால்ஸ்கள் எழுதியிருக்கிறார். ஏ மைனரில் உள்ளதை முதலில் எடுக்கிறேன். எல்லாம் அழகு என்று சொல்லமாட்டேன், சிலது வெறும் சர்க்கரைத் தண்ணி.

கியூபாவின் லியோ பிரௌவர் எழுதிய எளிய பயிற்சிகளில் முதலாவதில் கட்டைவிரல்தான் மெட்டைச் சொல்லும். மற்ற விரல்கள் துணைக்கு வரும். நாலைந்து மாதம் போனபிறகே கொடுக்கிறேன், ஆனால் முன்னாலேயே வாசித்துக் காட்டிவிடுவேன். தாளத்துக்குள் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் கேட்டதுமே தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பெரிய உருப்படிகளை வெட்டிச் சுருக்கி 'எளிய வடிவம்' என்று விற்கிற புத்தகங்களை நான் வாங்குவதில்லை. விருந்து முடிந்தபின் வருகிற மிச்சம்போல அது. சோரின் முதல் பாடம் சின்னது, மிச்சமில்லை. சினிமாப் பாட்டுக் கேட்கிறார்களா, தாராளமாக. ஒற்றைச் சுரமாக முதல் நான்கு ஃபிரெட்டுக்குள் அடங்கினால் அதுவும் முதல் உருப்படிதான். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, லண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கியவர் என்று சொன்ன அன்றைக்கு யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

போன மாதம் ஒன்பதாவது படிக்கிற பெண் சோரின் முதல் பாடத்தை நிற்காமல் வாசித்து முடித்தாள்.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

"அப்ப முழுசா முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கிடாருக்காகப் பின்னால் காத்திருந்த பையன், "என் நேரம் வந்துருச்சு, குடு" என்று சண்டைக்கு வந்துவிட்டான்.